ஈடிஓவா, பிளாஸ்மாவா, ஃபார்மலின் பெட்டியா?

மருத்துவக் கருவிகளில் கிருமி நீக்க எந்த முறை நல்லது என்பதுதான் இங்கே பேச்சு. சூடு தாங்கும் கருவி என்றால் இந்த அலசலே தேவையில்லை. கத்தரி, ஃபோர்செப்ஸ், எலும்பு உளி எல்லாம் பேசாமல் ஆட்டோகிளேவுக்குள் போகட்டும். 134 டிகிரி நீராவியில் மூன்று நான்கு நிமிடம் இருந்தால் போதும். நச்சு கிடையாது, செலவும் குறைவு. கேமரா, ஒளியிழை, ரப்பர் உறை, பசை வைத்து ஒட்டிய மூட்டு என்று வரும் கருவிகளில்தான் சிக்கல். அவற்றை நீராவியில் வைத்தால் கிருமியோடு கருவியும் போய்விடும். சிங்கப்பூர் மருத்துவமனைகளின் கருவி சுத்திகரிப்புப் பிரிவுகளில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அக்கா, இங்க ஏன் எல்லாத்தையும் பிளாஸ்மாவுல போடுறாங்க? ஈடிஓ என்ன ஆச்சு?”

ஈடிஓ என்பது எத்திலீன் ஆக்சைடு வாயு. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறும்படி சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது நினைவிருக்கலாம். அனுமதித்த அளவைத் தாண்டி அதில் இருந்தது இதே வாயுதான். ஜூரோங் தீவில் சவர்க்காரத்துக்கும் கிளைக்காலுக்கும் மூலப்பொருளாகத் தயாரிக்கப்படுவதும் இதுதான். கிருமியின் புரதத்திலும் டிஎன்ஏவிலும் ஒட்டிக்கொண்டு அது பெருகவே முடியாமல் செய்துவிடும். 37 முதல் 63 டிகிரி வரை சூடு, 40 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம், ஒன்று முதல் ஆறு மணி நேரம் வரை வாயு. இவ்வளவுதான் கணக்கு.

இதன் பெரிய பலம் ஊடுருவல். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை, நீண்ட மெல்லிய குழாயின் உட்புறம் எல்லாவற்றுக்குள்ளும் போய்விடும். அதனால்தான் தொழிற்சாலைகள் இதை இன்னும் விடவில்லை. அமெரிக்காவில் கிருமி நீக்கப்படும் மருத்துவச் சாதனங்களில் ஏறக்குறைய பாதி இந்த வழியில்தான் வருகின்றன. வார்டில் இருக்கும் ஒரு கேத்தீட்டர் உறையைத் திருப்பிப் பாருங்கள், ‘ஸ்டெரைல்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஈஓ’ என்று இரண்டே எழுத்து இருக்கலாம். ஆக, மருத்துவமனைக்குள் ஈடிஓ இயந்திரமே இல்லாவிட்டாலும், ஈடிஓவில் குளித்து வந்த பொருள்கள் அலமாரி நிறைய இருக்கும்.

சரி, அப்படியானால் இயந்திரத்தையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? முதல் தடை நேரம். வாயு பிளாஸ்டிக்குக்குள்ளும் ரப்பருக்குள்ளும் ஊறிவிடுகிறது. அதை வெளியேற்ற 50, 60 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஏரேஷன் கொடுக்க வேண்டும். அறை வெப்பத்தில் சும்மா வைத்து ஆறவிடுவதென்றால் ஒரு வாரம். அவசரப்பட்டு எடுத்தால் மிச்ச வாயு நோயாளியின் திசுவைப் புண்ணாக்கும். காலையில் பயன்படுத்திய ஸ்கோப்பை (உடலுக்குள் பார்க்கும் கேமராக் குழாயை) மதியமே திருப்பிக் கேட்கும் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இது நடக்காத காரியம்.

இரண்டாவது தடை நம்மைப் பற்றியது, அதாவது கதவைத் திறக்கும் ஆளைப் பற்றியது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்கப் பணியிட விதிப்படி எட்டு மணி நேரச் சராசரி 1 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை, தாண்டக்கூடாது. ஆனால் மூக்குக்கு வாசனை தெரிவதற்குள் காற்றில் அது சில நூறு பிபிஎம் ஆகியிருக்கும். “வாசமே வரலையே” என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் கூடத்தான் செய்யும். இது போக, காற்றில் மூன்று விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். முன்பு 12 விழுக்காடு ஈடிஓவுடன் 88 விழுக்காடு சிஎஃப்சி வாயுவைக் கலந்து தீ அபாயத்தை அடக்கி வைத்திருந்தார்கள். ஓசோன் படலத்தைக் காக்க வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் அந்த வழியையும் மூடிவிட்டது.

இனி பிளாஸ்மா. அமெரிக்காவில் 1993இல் விற்பனைக்கு வந்த ஹைட்ரஜன் பெராக்சைடு இயந்திரத்திலிருந்துதான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய 60 விழுக்காடு செறிவுள்ள பெராக்சைடு கேசட்டில் வருகிறது. அறையை ஆழமான வெற்றிடமாக்கி அதை ஆவியாக உள்ளே விடுவார்கள். கடைசியில் ரேடியோ அலையால் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) உண்டாக்கினால் மிச்சமிருப்பது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துவிடும். பிளாஸ்மா இல்லாமல் வெறும் ஆவியிலேயே வேலையை முடிக்கும் இயந்திரங்களும் உண்டு, எங்கள் பேச்சில் அதுவும் பிளாஸ்மாதான். சூடு 50 டிகிரியை ஒட்டியே இருக்கும். சுற்று அரை மணியிலிருந்து ஒன்றேகால் மணிக்குள் முடியும். ஏரேஷன் தேவையில்லை. எடுத்தவுடன் கூடத்துக்கு அனுப்பலாம்.

நேரத்தில் ஈடிஓ இதன் கிட்டேகூட வர முடியாது. ஆனால் பிளாஸ்மா ஒரு செல்லப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்கும். காகிதம், பருத்தி, லினன் எதுவும் உள்ளே வரக்கூடாது. செல்லுலோஸ் ஆவியை உறிஞ்சிவிடும், உடனே சுற்று ரத்தாகும். டைவெக் என்ற பிளாஸ்டிக் இழை உறை அல்லது பாலிபுரொப்பிலீன் துணிதான் வேண்டும். மூடிய அலுமினியக் கன்டெய்னரில் போடுவதென்றால் அது பெராக்சைடுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும், வடிகட்டியும் காகிதமில்லாததாக இருக்க வேண்டும். ஆட்டோகிளேவுக்குப் போட்ட காகித வடிகட்டியை மாற்ற மறந்து தள்ளிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அடுத்தது ஈரம். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் வெற்றிடம் சரியாக வராது. இயந்திரம் நின்றுவிடும், திட்டு நமக்கு விழும். கழுவியபின் அழுத்தக் காற்றால் உள்ளே ஊதிக் காயவைப்பதில் சோம்பல் பட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

ஊடுருவல்தான் இதன் உண்மையான பலவீனம். பெராக்சைடு தொட்ட இடத்தில் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. நீண்ட குழாயின் கடைசிவரை போய்ச் சேர்வதற்குள் பலமிழந்துவிடும். அதனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உள்விட்டம், நீளம் என்று வரம்பு உண்டு. ஒரு மில்லிமீட்டர் துளையும் ஒரு மீட்டருக்குள் நீளமும் கொண்ட வளையும் ஸ்கோப் பல இயந்திரங்களில் போகும். பெருங்குடல் ஸ்கோப் அதைவிட நீளம், துளைகளும் பல. சிறுகுடலின் முதல் பகுதியைப் பார்க்கும் டியோடினோஸ்கோப் வழியே மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவியபோது, 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூடுதல் பாதுகாப்புக்குச் சொன்ன வழிகளில் ஈடிஓ இருந்தது. ஈடிஓவை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாததற்கு இது ஒன்றே போதும். அதே நிர்வாகம் 2024 ஜனவரியில் பெராக்சைடு ஆவியையும் நிலைபெற்ற முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

பெராக்சைடு பச்சைத் தண்ணீர் என்று நினைக்கவும் வேண்டாம். அதற்கும் அதே 1 பிபிஎம் வரம்பு உண்டு. பாதியில் ரத்தான சுற்றிலிருந்து கையுறை இல்லாமல் எடுத்தால் விரல் நுனி வெள்ளையாக வெந்துபோகும்.

ஃபார்மால்டிஹைடு ஆவியை நம்பும் ஃபார்மலினுக்கு அதிக இடம் தர விருப்பமில்லை. ஐரோப்பாவில் 60 முதல் 80 டிகிரி நீராவியோடு ஃபார்மால்டிஹைடைக் கலந்து, வெற்றிடக் கட்டுப்பாட்டோடு செய்யும் முறையான இயந்திரம் ஒன்று உண்டு. அது வேறு. அக்ரிலிக் பெட்டியில் ஃபார்மலின் மாத்திரையைப் போட்டு மூடி, மேல்தட்டில் குழாய்களை அடுக்கி வைப்பதைக் கிருமி நீக்கம் என்று சொல்ல முடியாது. காற்றை வெளியேற்ற வழியில்லை, ஈரப்பதத்துக்கு அளவில்லை, ஆவி குழாய்க்குள் போனதா என்று காட்ட எதுவும் இல்லை. போதாததற்கு இதுவும் புற்றுநோய் முதல் பிரிவில்தான் இருக்கிறது. ஊரில் கிளினிக் வைத்திருக்கும் உறவினர் கேட்டால் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

சுற்று உண்மையில் கிருமியைக் கொன்றதா என்று பார்க்க உள்ளே வைக்கும், கிருமி வித்துள்ள சோதனைக் குப்பியையும் மாற்றிப் போடக்கூடாது. நீராவிக்கும் பெராக்சைடுக்கும் ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ், ஈடிஓவுக்கு பாசிலஸ் அட்ரோஃபேயஸ். முதலிரண்டுக்கும் கிருமி ஒன்றே என்றாலும் குப்பி வேறு. உறைமேல் இருக்கும் நிறம் மாறும் பட்டையைப் பார்க்காமல் எதையும் வெளியே விடாதீர்கள். 2017 ஜூனில் சிங்கப்பூரின் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் முழுமையாகக் கிருமி நீக்கப்படாத 72 கருவிப் பொட்டலங்கள் பயன்பாட்டுக்குப் போனது பெரிய செய்தியானது. முழுமையடையாத சுற்று எந்த முறையிலும் நேரலாம்.

என் தீர்ப்பு இதுதான். மருத்துவமனைக்குள் பிளாஸ்மா போதும், ஈடிஓ தொழிற்சாலையில் இருக்கட்டும். பிளாஸ்மாவின் வரம்பைத் தாண்டிய கருவி அடிக்கடி வருமானால், புதிதாக ஈடிஓ இயந்திரம் வாங்குவதைவிட அனுமதி பெற்ற வெளி நிறுவனத்துக்கு அனுப்புவது மேல். கேசட் விலை அதிகம்தான், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஆனால் ஒரு ஸ்கோப் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை வேலைக்குத் திரும்பினால் இன்னொரு ஸ்கோப் வாங்கும் செலவு மிச்சம். புதுக் கருவி வாங்கும்போது அதன் கையேட்டில் எந்த இயந்திரம், எந்தச் சுற்று என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி “எல்லாத்துலயும் போடலாம்” என்றால், அதையே எழுத்தில் கேளுங்கள்.