பாலோடா, தென்மலையா?

லீவு விட்டால் எங்கள் வீட்டில் செடி கொடி பார்க்கத்தான் கிளம்புவோம். செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு தாண்டியதும் பேச்சு தொடங்கிவிடும். கேரளத்துக் காட்டோர ஊரான தென்மலையிலேயே இறங்கிவிடலாமா, இல்லை குளத்துப்புழை, மடத்தறை வழியாக இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டித் தாவரவியல் தோட்டம் இருக்கிற பாலோடு போகலாமா? பல தடவை இரண்டுக்கும் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

செடிக்கு என்றால் பாலோடுதான். 1979இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும், 300 ஏக்கர். மூங்கில், பனை வகைகள், ஆர்க்கிட், பூச்சி தின்னும் செடி என்று தனித்தனியாக வளர்க்கிறார்கள். குளத்தில் ராட்சத அல்லி இருக்கிறது. இலை தாம்பாளம் மாதிரி, ஓரம் நிமிர்ந்து நிற்கும். அடிப்பக்கம் முழுக்க முள். பூ முதல் நாள் ராத்திரி வெள்ளை, மறுநாள் இளஞ்சிவப்பு. மதினி மகன் கையை நீட்டப் போனான். "ஏல, தொடாத, முள்ளு!" என்று நான்தான் பிடித்து இழுத்தேன்.

ஆனால் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுப்பது முழங்கால் உயரம்கூட வளராத ஒரு செடி, ஆரோக்கியப்பச்சை. 1987இல் அகத்தியமலைக்குள் போன ஆராய்ச்சியாளர்கள் மூச்சு வாங்கி நின்றபோது, கூட வந்த காணிக்காரர்கள், அந்த மலையின் பழங்குடி மக்கள், இந்தச் செடியின் ஒரு சின்னக் காயை மென்றுகொண்டு அலுப்பே தெரியாமல் நடந்தார்களாம். அதிலிருந்து பாலோட்டில் 'ஜீவனி' மருந்து உருவானது. 1995இல் ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகை 10 லட்சம், ராயல்டி 2 சதவீதம். இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. அறிவு கொடுத்தவருக்குப் பங்கு கொடுத்த இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பூவைவிடவும் பெரிது. நம்ம பாபநாசம் மலையிலும் இருப்பது அதே காணிக்காரர்கள்தானே.

பறவைக்குத் தென்மலை. தோட்டத்துக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போகும்போது வெயில் ஏறிப் பாதிக் குருவி அடங்கியிருக்கும். தென்மலையில் முந்தின நாளே போய்த் தங்கிவிட்டால் விடியலிலேயே காட்டோரம் நிற்கலாம். ஐப்பசிக்கு மேல் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வந்துவிடும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வால் அடியில் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் இரண்டு சீட்டி அடிக்கும், பேரே அதனால்தான். சருகுக்குள் தத்தித் தத்திப் போகும், அசையாமல் நின்றால்தான் கண்ணில் படும். பக்கத்துச் செந்துருணிக் காட்டுக்குப் பேர் தந்த செங்குறிஞ்சி மரமும் ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் உள்ள மரம். அதை அதன் காட்டிலேயே பார்ப்பது தனி.

ஆடி மாதம் சாரல் பிடித்துக்கொண்டால் தென்மலையைத் தள்ளிப் போடுங்கள். ஒரு தடவை போய், படகும் ஓடாமல், காலில் ஏறிய அட்டையை உப்புப் போட்டு உதிர்த்துவிட்டுத் திரும்பினோம். அந்த மழையிலும் குடையோடு பாலோட்டுத் தோட்டத்தில் நடக்கலாம். மார்கழி, தை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தென்மலை.

முதல் முறை பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பாலோட்டில் தொடங்குங்கள். பேர்ப்பலகை பார்த்துப் பழகின கண்ணுக்குத்தான் காட்டில் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள், பாலோட்டுக்கே ஒரு பகல் பத்தாது.