‘சியென்லுங் முத்திரை’ என்று போட்டிருந்தால் உஷார்! எனக்குப் போனது 48,000 ரூபாய்

பழம்பொருள் ஏலம் விடும் ஒரு செயலியில் 48,000 ரூபாய் கொடுத்து வாங்கிய சீன மூக்குப்பொடிக் குப்பி போலி. அச்சில் வார்த்த கண்ணாடி. பணம் திரும்ப வராது என்று இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார்கள், அதனால் போடவில்லை. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: சிங் வம்சத்துச் சீனாவில் மூக்குப்பொடியை உள்ளங்கைக்குள் அடங்கும் குப்பியில் வைத்திருப்பார்கள். 1696இல் காங்சி பேரரசர் பெய்ஜிங்கில் அரண்மனைக்கென்று கண்ணாடிப் பட்டறை தொடங்கினார். வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்போ நீலமோ இன்னொரு கண்ணாடி அடுக்கு ஏற்றி, ஜேட் கல்லைச் செதுக்கும் அதே முறையில் சுழலும் சக்கரத்தால் வேண்டாத இடத்தைத் தேய்த்து எடுப்பார்கள். மிஞ்சுவது உருவமாகப் புடைத்து நிற்கும்.

விற்றவரின் பேச்சில்தான் விழுந்தேன். வீடியோ அழைப்பில் குப்பிக்குப் பின்னால் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஐந்து வௌவால்கள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கம், இயற்கையான சாவு என்ற ஐந்து பேறுகள். சீனத்தில் வௌவாலுக்கும் பேற்றுக்கும் ஒரே உச்சரிப்பு. நடுவில் பீச் பழம், அதுவும் ஆயுளுக்கு. சொன்னது எல்லாமே சரியான தகவல், அதுதான் கொடுமை. இவ்வளவு ரசித்துப் பேசுகிறவர் ஏமாற்றுவாரா? அன்றிரவே 48,000 அனுப்பினேன்.

பெட்டி வந்தது. பக்கவாட்டில் நகத்தை ஓட்டினால் கழுத்திலிருந்து அடிவரை மெல்லிய கோடு தட்டுப்படுகிறது, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். அது ஒரு வௌவாலின் இறக்கைமேலேயே போகிறது. சக்கரத்தில் வெட்டிய ஓரம் கூர்மையாக இருக்கும், மேலடுக்கின் தடிப்பு கண்ணுக்குத் தெரியும். இதில் ஓரமெல்லாம் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கியிருக்கிறது. சிவப்பு வெறும் பூச்சு, வாயருகே சுரண்டினால் உதிர்கிறது. மூடியோடு இருக்கும் குட்டிக் கரண்டி பாதி ஆழத்துக்குக்கூட எட்டவில்லை. பொடியை எப்படி எடுப்பார்களாம்?

விற்றவரைக் கேட்டால், “அடியில் சியென்லுங் முத்திரை இருக்கிறது என்றுதான் போட்டேன், சியென்லுங் காலத்துப் பொருள் என்று எங்கே சொன்னேன்?” என்கிறார். 1735 முதல் 1796 வரை ஆண்ட பேரரசரின் முத்திரையை நேற்று வார்த்த கண்ணாடியிலும் பொறிக்கலாம், அது பொய்யே இல்லையாம்!

செயலிக்காரர்கள் முதலில் ‘கைவேலையில் சிறு வேறுபாடு சகஜம்’ என்றார்கள். கோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். ‘நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே.’ அப்புறம் வேறொரு பெயரில் அதே பதில். கடைசியில் அடுத்த ஏலத்துக்கு 500 ரூபாய் கூப்பன்! 48,000க்கு 500. புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை டிக் வேறு.

சரி, ஆலோசனை. பக்கவாட்டை அருகிலிருந்து படம் கேளுங்கள், பின்னாலிருந்து டார்ச் அடித்தால் கோடு கண்ணில் படாது. முத்திரையை நம்பாதீர்கள், நல்ல பழைய குப்பிகள் பலவற்றில் முத்திரையே கிடையாது. எந்தக் காலத்துப் பொருள் என்று எழுத்தில் வாங்குங்கள். யுபிஐயில் அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டு என்றால் வங்கியிலாவது சண்டை போடலாம். இன்னும் இருக்கிறது, ஆனால் நுகர்வோர் உதவி எண் 1915இல் இப்போதுதான் லைன் கிடைத்திருக்கிறது.