வெளிச்சமையலுக்கு ஒரு கத்தி: சில வருடப் புழக்கத்துக்குப் பின்

நண்பர்கள் சேர்ந்து தோப்பிலோ வாய்க்கால் கரையிலோ அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிற கூட்டம் எங்களுடையது. கறி, மீன் வெட்டுகிற வேலை என் தலையில். அதனால் என்ன கத்தி வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். கேட்கிற எல்லோருக்கும் கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கவலை. கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். குழாய் இல்லாத இடத்தில் கோழி வெட்டிய கத்தியை எப்படிக் கழுவப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் இருக்காது.

இப்போது நான் வைத்திருப்பது மோரா கம்பேனியன், ஸ்டெயின்லெஸ் வகை. ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு. மடங்காத கத்தி, அலகு பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, கனம் இரண்டரை மில்லிமீட்டர். 12சி27 என்ற எஃகு, அதில் குரோமியம் சுமார் 13.5 சதவீதம். பத்தரை சதவீதத்துக்கு மேல் போனாலே ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், எலுமிச்சை, தக்காளி, புளித்தண்ணீர் பட்டாலும் இதற்கு ஒன்றும் ஆவதில்லை. உப்பு மட்டும் வேறு கதை. கடற்கரையில் மீன் ஆய்ந்துவிட்டு உப்புத் தண்ணீரோடு உறையில் போட்டால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

இதற்கு முன் மரப்பிடி போட்ட கார்பன் எஃகு மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. வெட்டில் இதைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். மாங்காய் நறுக்கினால் அலகில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் ஏறும். அது உடம்புக்குக் கெடுதல் இல்லை, உண்மையில் சிவப்புத் துரு பிடிப்பதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆனால் புளிப்பான பழத்தை அதில் நறுக்கினால் இரும்பு வாடை அடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அலகு மடங்கி உட்காருகிற அந்தப் பள்ளமும், திரும்புகிற மூட்டும். மீன் செதில் ஒன்று உள்ளே போய்விட்டால் குச்சி விட்டு நோண்ட வேண்டும். கழுவி மடக்கினால் ஈரம் உள்ளேயே தங்கும், மரம் ஊறி உப்பி அலகு திறக்காது. மறுநாள் திறந்தால் கவிச்சி. இப்போது அது கொய்யாப்பழத்துக்கும் ரொட்டிக்கும் மட்டும்.

மடங்காத கத்தியில் மூட்டு இல்லை, பிடியும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் சேர்த்து வார்த்தது, அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில் பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்பு போதும். அப்படியானால் பிரச்சினை முடிந்ததா என்றால், உறை இருக்கிறதே! அலகை எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும், போன தடவை ரத்தப் பிசுக்கோடு செருகிய அதே உறைக்குள்தான் அது திரும்பப் போகிறது. கறி வெட்டும் நடுவில், கை மறதியாக, கத்தியைத் துடைக்காமல் இடுப்பு உறையில் செருகாதவர் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது. அந்த இருட்டும் ஈரமும் சூடும் கிருமிக்குக் கல்யாணப் பந்தி. உணவுப் பாதுகாப்புக்காரர்கள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையை ஆபத்தான இடைவெளி என்கிறார்கள். கறி போன்றவை அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் உறைக்குள் ஒட்டியிருக்கும் துணுக்குக்கும் இதே கணக்குதான்.

தோல் உறை பார்க்க அழகு. சமையலுக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே கழுவவும் முடியாது. மோராவின் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்ததும் உறையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பாட்டில் கழுவும் ஒல்லி பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பேன். பிறகு நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில், வாசனை சேர்க்காத பிளீச் கலந்து உறையையும் வெட்டுப்பலகையையும் சில நிமிடம் நனைத்து, அலசி, தலைகீழாக வைத்து உலர்த்துவேன். அலகை அந்தத் தண்ணீரில் ஊறப்போடுவதில்லை, குளோரின் எஃகை அரிக்கும்.

களத்தில் கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பச்சைத் தண்ணீர். ரத்தமும் மீன் வழுவழுப்பும் புரதம். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்ததுபோல் இறுகி அலகில் ஒட்டிக்கொள்ளும். பிறகு துளி சோப்பும் தேங்காய் நாரும். சோப் தீர்ந்துபோனால் அடுப்புச் சாம்பல் இருக்கவே இருக்கிறது. கொழுப்பை நன்றாக எடுக்கும், அலகில் மெல்லிய கீறல் விழும், அவ்வளவுதான். அப்புறம் கொதிக்கிற தண்ணீரை அலகின் மேல் ஊற்ற வேண்டும். இதற்காகவே டீ போடும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கூட வைப்பது எங்கள் வழக்கம். கடைசி அலசலுக்கு ஆற்றுத் தண்ணீர் ஆகாது. தெளிவாக இருக்கிறதே என்பார்கள், மேலே எருமை படுத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீர் அல்லது கொதித்த தண்ணீர் மட்டும். சோப்புத் தண்ணீரைக் கரையிலேயே கொட்டாமல் அறுபது மீட்டராவது தள்ளிப் போய் மண்ணில் ஊற்றுங்கள்.

எழுபது சதவீத ஆல்கஹாலில் நனைத்த துடைப்பான் எடுத்து வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பிசுக்கு போன பிறகு துடைத்தால் பலன் உண்டு. கொழுப்புக்கு மேலேயே துடைத்தால் வெறும் திருப்திதான். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அதைச் செய்யாதீர்கள். கத்தியை நெருப்பில் வாட்டிச் சுத்தம் செய்வதை வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அலகு அதிகமாகச் சூடேறினால் பதம் போய்விடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

கழுவுகிற வேலையைக் குறைக்கும் வழியும் இருக்கிறது: வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி எல்லாம் முதலில், கறி கடைசியில். இப்போது அதற்கும் மேலே போய், காய்க்கு ஒரு சின்னக் கத்தி தனியாக எடுத்துப் போகிறேன். மோரா ஒன்றும் சமையலறைக் கத்தி இல்லை. அந்தக் கனத்துக்கு கேரட் நறுக்குப்படாது, பிளந்துகொள்ளும். விறகு சீவவும் கயிறு அறுக்கவும் இதே கத்தியைக் கேட்டு வருவார்கள். கொடுக்க மாட்டேன். மரப்பிசின் ஏறினால் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க வேண்டும், மண்ணும் சேர்ந்து வரும். அந்த வேலைக்கு அரிவாள் இருக்கிறது.

கார்பன் வகை வைத்திருப்பவர்கள் காயவைத்த பிறகு எண்ணெய் தடவியே ஆக வேண்டும். சூரியகாந்தி, நல்லெண்ணெய் எல்லாம் நாள்பட்டால் பிசின்போல் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது, தின்றாலும் பயமில்லை. கொடைக்கானல் குளிரில் உறைந்துபோகும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளகிவிடும். எங்கள் கூட்டத்தில் கத்திக்கு வைத்த எண்ணெயைத் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறவர்கள் இருப்பதால், டப்பா சீக்கிரம் காலியாகிவிடுகிறது.

இறைச்சி சமைக்காத கூட்டம் என்றால் இதில் பாதி வேலை உங்களுக்குத் தேவையில்லை. பாத்திரக்கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்டெயின்லெஸ் கத்தி போதும். உறைக்குப் பதில் பழைய காலண்டர் அட்டையை மடித்து ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அட்டையை அடுப்பில் போட்டுவிடலாம்.