கல்யாண வீடியோவும் கேமும் ஒரே கணினியில்: ரைசனா, இன்டெலா?

பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் புதுசாகக் கணினி கட்டுகிறவர்கள் பலருக்கு இரண்டும் ஒரே பெட்டியில் ஓட வேண்டும். ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி, இன்டெல் கோர் ஐ7-14700கே, இந்த இரண்டு பிராசஸர்களையும் (கணினியின் மூளையான சிப்) பார்ப்போம்.

கேம் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரைசன்தான். 8 கோர்தான் (வேலை செய்யும் பகுதிகள்) என்றாலும் அதன் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், அங்கே பெரிய வேலை செய்கிறது.

எடிட்டிங்கில் நிலைமை வேறு. இன்டெலில் 20 கோர், 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). ரெண்டரிங், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்குவது, சீக்கிரம் முடியும். அதைவிட முக்கியம் குவிக் சின்க், இன்டெல் சிப்புக்குள்ளேயே வீடியோவுக்கென்று இருக்கும் பகுதி. கேமராவிலிருந்து வரும், நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை அது வன்பொருளிலேயே டிகோட் செய்யும் (பிரித்துக் காட்டும்). என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளால்கூட அது முடியாது. ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) போடாமலே வெட்டி ஒட்டலாம். முகூர்த்த மாதங்களில் எவ்வளவு பெரிய ஆறுதல்! வீடியோதான் சோறு போடுகிறது என்றால் நான் இன்டெலையே சொல்வேன்.

ஆனால் அது உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். ரைசனின் டிடிபி (வெப்பத்தைக் கணக்கிட்டு நிறுவனம் சொல்லும் அளவு) 120 வாட். இரண்டு பருவமழையும் பெய்கிற நம்ம மாவட்டத்தில் கரண்ட் போனால் சின்ன யுபிஎஸ் எதைத் தாங்கும் என்று பாருங்கள். குளச்சல் போலக் கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. சூடு குறைந்த சிப்புக்கு ஃபேன் உள்ளே இழுக்கும் காற்றும் குறைவு.

அப்புறம், 14700கே உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட் (போர்டில் சிப் மாட்டும் இடம்) அந்தத் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ரைசனுக்கான ஏஎம்5 போர்டில் பிறகு புது ரைசன் மாட்டலாம். 14700கே வாங்கினால், வோல்டேஜ் கோளாறைத் தடுக்க 2024இல் இன்டெல் தந்த மைக்ரோகோடு (சிப்புக்கான திருத்தம்) உள்ள பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை மென்பொருளை, முதல் நாளே ஏற்றிவிடுங்கள்.