மாசி மாதக் கொல்லையும் ஒரு குட்டி லென்ஸும்: ரேநாக்ஸ் டிசிஆர்-250, மூன்று வருடப் பழக்கத்துக்குப் பிறகு

இந்த லென்ஸை வாங்கிய பிறகு வரும் மூன்றாவது மாசி இது. முதல் வருடமே எழுதியிருக்கலாம். ஆனால் புதுப்பொருள் கையில் இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும், கொஞ்சம் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது நன்றாகவே பழகிவிட்டது. வீட்டில் நாலு செடி, கையில் ஒரு சாதாரண எஸ்எல்ஆர் கேமரா, அதோடு ஒரு ஜூம் லென்ஸ், இவ்வளவு இருந்து சின்னதைப் பெரிதாக எடுக்க "மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா" என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ரேநாக்ஸ் டிசிஆர்-250 ஜப்பான் தயாரிப்பு. இது தனியாகக் கேமராவில் மாட்டுகிற லென்ஸ் இல்லை. ஏற்கெனவே மாட்டியிருக்கும் லென்ஸின் வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு தரமான பூதக்கண்ணாடி. துணி காயப்போடும் கிளிப்பை அழுத்துவது போல இரண்டு பக்கமும் அழுத்தி, லென்ஸ் வாயில் வைத்து விட்டால் டக்கென்று உட்கார்ந்துவிடும். ஃபில்டர் அளவு, அதாவது வாயின் விட்டம், 52 முதல் 67 மில்லிமீட்டர் வரை இருக்கிற எந்த லென்ஸிலும் உட்காரும். என்னிடம் இருப்பது பழைய கேனான் 1300டி, அதற்கு 55-250 ஜூம். அதன் வாய் 58, பொருத்தமாக இருக்கிறது. ஆனால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 எஸ்டிஎம் வைத்திருக்கிறவர்கள் கவனிக்கவும்: அதன் வாய் 49 தான், இந்தக் கிளிப் அதில் நிற்காது, தனியாக ஒரு ரிங் வாங்க வேண்டியிருக்கும்.

இதன் சக்தி 8 டயாப்டர். குவிய தூரம் 125 மில்லிமீட்டர் என்று அர்த்தம். ஜூமை 250-க்கு இழுத்து, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 250-ஐ 125-ஆல் வகுக்க வேண்டியதுதான், பொருள் இரண்டு மடங்காக சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும். என் கேமராவின் சென்சார் அகலம் 22 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், ஆகவே 11 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒன்று படம் முழுவதையும் நிரப்பிவிடும். ஒரு சட்டைப் பொத்தானை வைத்தால் ஓரத்தில் இடமே இருக்காது. அரை லட்சத்தைத் தொடும் மேக்ரோ லென்ஸ்களில் பெரும்பாலானவை ஒரு மடங்கோடு நின்றுவிடும். எனக்கு இது எட்டாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது.

வாங்கிய கதை கொஞ்சம் நீளம். இதற்கு முன்னால் சில நூறு ரூபாய்க்கு நாலு கண்ணாடி சேர்ந்த ஒரு செட் வாங்கியிருந்தேன், பெயர் இல்லாத சரக்கு. அதில் எடுத்தால் பூவின் விளிம்பெல்லாம் ஊதா நிறத்தில் கசிந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஒற்றைக் கண்ணாடி என்றால் அப்படித்தான், நிறங்கள் ஒரே இடத்தில் குவியாது. ரேநாக்ஸில் மூன்று கண்ணாடிகள், அதனால் அந்தக் கசிவு பேருக்குத்தான் இருக்கிறது. முதலில் ஒரு ஆன்லைன் கடையில் ஆர்டர் போட்டேன். சீல் உடைந்த பெட்டி வந்தது, உள்ளே கண்ணாடியில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. திருப்பி அனுப்பிப் பணம் வருவதற்குள் மூன்று வாரம் ஓடி, அந்த வருடத்து மாம்பூ பாதி கொட்டியே போய்விட்டது. அப்புறம் திருவனந்தபுரம் போயிருந்தபோது ஒரு கேமராக் கடையில், என் கேமராவிலேயே மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கடையில் கிடைக்கிறதென்றால் கடையிலேயே வாங்குங்கள்.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர், அந்தப் பழக்கம் கொல்லைகளில் இன்னும் இருக்கிறது: பலா, மாமரத்தில் ஏறிய மிளகுக் கொடி, வேலியெல்லாம் செம்பருத்தி. எங்கள் கொல்லையில் இவற்றோடு பந்தல் அவரை, பப்பாளி, கறிவேப்பிலை, மாடியில் பைகளில் கத்தரியும் வெண்டையும். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் இலை ஒரு நொடி நிற்காது, இந்த லென்ஸை எடுக்கவே வேண்டாம். இந்த லென்ஸுக்கான காலம் மாசிதான். பிசான நெல் அறுவடை ஆகிக்கொண்டிருக்கும், மாமரம் பூத்திருக்கும், காலையில் காற்றே இருக்காது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், அந்தப் பனி படம் எடுக்கிறவர்களுக்குப் பெரிய துணை. குளிரில் பூச்சிகளுக்கு உடம்பு சூடேறாது, நகர முடியாமல் இலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். வெயில் முதலில் மேற்கே மலை உச்சியில் விழுந்து மெல்ல இறங்கி எங்கள் கொல்லைக்கு வந்துசேர ஏழேகால் ஆகும். ஆறே முக்காலிலிருந்து அதுவரை எனக்கு நேரம், அதன் பிறகு குளித்துக் கிளம்பிப் பள்ளிக்கூடம்.

மாம்பூவைத்தான் முதலில் எடுத்தேன். ஒரு பூ அரை சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கொத்தாகப் பார்த்தால் வெறும் மஞ்சள் புகை மாதிரி. இந்த லென்ஸ் வழியாகப் பார்த்தபோது ஐந்து இதழ், ஒவ்வொரு இதழிலும் அடியிலிருந்து கிளம்பும் ஆரஞ்சு மஞ்சள் வரிகள், பூ முதிர முதிர அந்த வரிகள் இளஞ்சிவப்பாக மாறுகின்றன. நடுவில் ஈரமாக மினுங்கும் ஒரு வட்டத் திட்டு. பெரும்பாலான பூவில் ஒரே ஒரு மகரந்தத் தாள்தான் நிமிர்ந்து நிற்கிறது, மற்றவை வளராமல் குச்சி குச்சியாக நிற்கின்றன. அந்த ஈரத் திட்டை நக்கிக்கொண்டு ஒரு ஈ. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று படித்திருந்தேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்த ஈயின் முதுகு மயிரில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. இருபது வருடமாக அந்த மரத்தடியில் நடக்கிறேன்.

ஆனால் இந்த விமர்சனத்தை நான் எழுதுவதற்கான முக்கியமான காரணம் அவரைப் பந்தல்தான். ஆடியில் போட்ட அவரை, தை மாசியில் காய்த்துத் தள்ளும், கூடவே அசுவினியும் வரும். கொழுந்து, பூங்காம்பு எல்லாம் கறுப்பாக அப்பிக்கொள்ளும், எறும்பு மேலும் கீழும் ஓடும். அத்தை அதைப் பேன் என்பார்கள். பேனோடு சேர்ந்து கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த, குட்டி முதலை மாதிரி ஒரு புழுவும் வரும், அதையும் பேனையும் சேர்த்து விரலால் வழித்து நசுக்குவது எங்கள் வீட்டில் தினசரி வேலை. "ஏம்மா, அவரையில புழு வச்சிருக்கு, போறதுக்கு முன்னால ஒரு கை பாத்துட்டுப் போ" என்பார்கள். நானும் நசுக்கியிருக்கிறேன், வேப்ப எண்ணெய் போதவில்லையென்று ஒரு தடவை கடை மருந்தும் அடித்திருக்கிறேன்.

முதல் வருடம் அந்தப் புழுவைப் படம் எடுக்கப் போய், ஜூமை 250-க்கு இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், அது ஒரு அசுவினியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அசுவினியின் ஆறு காலும் காற்றில் ஆடுகின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அதன் உடம்பு சுருங்கி, கடைசியில் வெறும் தோல். அடுத்ததைத் தேடிப் போகிறது. அது பொறிவண்டின் புழு. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டைப் பார்த்தால் எல்லாருக்கும் பிடிக்கும், அதன் பிள்ளையைத்தான் வருடக்கணக்காக நசுக்கிக்கொண்டிருந்தோம். கேமராத் திரையைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இத்தனை நாளும் இதையா நான் நசுக்குனேன்" என்று மட்டும் கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் அவரையில் மருந்து அடிக்கவில்லை. பேன் அதிகமானால் காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிறோம், புழு இருக்கிற கொழுந்தை மட்டும் விட்டுவிட்டு. பூச்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன், காய்க்குப் பஞ்சமில்லை.

அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கத்தரி இலைக்கு அடியில், தலைமுடியை விட மெல்லிய காம்பின் நுனியில் வெள்ளையாக நிற்கும் சிறு மணிகளை ஏதோ பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள், அதன் புழுவும் அசுவினி தின்கிறதுதான். பப்பாளியில் வெள்ளை மாவுப்பூச்சி வந்திருந்தது. 2008-ல் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கியதே, அதே இனம்தான். 2010-ல் அதைக் கட்டுப்படுத்த வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவிகள் மிகச் சின்னவை, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். என் படத்தைக் கணினியில் பெரிதாக்கியபோது ஒரு மாவுப்பூச்சி காய்ந்து உப்பிப் பழுப்பாகி, அதன் உடம்பில் ஊசியால் குத்தியது போல ஒரு வட்ட ஓட்டை இருந்தது. உள்ளே வளர்ந்தது வெளியே போன வாசல். அந்தக் கிளையை வெட்டாமல் விட்டுவிட்டேன்.

இனி, சங்கடங்கள். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே 12 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்காது. வெயில் ஏறிவிட்டால் வண்ணத்துப்பூச்சியோ தும்பியோ அவ்வளவு பக்கத்தில் விடாது. அப்போது இதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறும் 250-லேயே எடுப்பேன், கழற்ற ஒரு நொடிதான், அது பெரிய வசதி. தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. இரண்டு மடங்கில் லென்ஸின் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் அரை மில்லிமீட்டர் தேறாது, கண் தெளிவாக இருந்தால் மீசை மங்கிவிடும். இது கண்ணாடியின் குறை இல்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த உருப்பெருக்கத்தில் அப்படித்தான். எஃப் 16-க்கு மேல் போனால் மொத்தப் படமும் சோர்ந்துவிடுகிறது, நான் 11-ஐத் தாண்டுவதில்லை. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும், அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, தெளிவு வரும் நொடியில் அழுத்த வேண்டும். நான் இடது கையின் இரண்டு விரலால் செடிக்காம்பைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிவைப்பேன், செடி ஆடினால் லென்ஸும் சேர்ந்து ஆடும். இருபது எடுத்தால் இரண்டு தேறும். முதல் மாதம் அந்த இரண்டும் தேறாது, பொறுமையாக இருங்கள்.

ஜூமை 100-க்குக் கீழே கொண்டுவந்தால் மூலைகள் கறுக்க ஆரம்பிக்கும். கேமராவோடு வரும் 18-55-இல் மாட்டினால் அகலக் கோணத்தில் நடுவில் ஒரு வட்டம்தான் கிடைக்கும், அதற்கு இது சரிப்படாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப்பில் வெளிச்சம் குறைவது போல இதில் குறையாது, ஆனாலும் எஃப் 11 வைத்துக்கொண்டு காலை நிழலில் எடுக்க வெளிச்சம் போதாது. தனி ஃபிளாஷ் ஒன்று வேண்டும், கேமரா மேல் எழும்பும் ஃபிளாஷ் நீளமான லென்ஸில் இடித்து நிழல்தான் விழும். ஃபிளாஷுக்கு முன்னால் இட்லித் துணியை இரண்டாக மடித்து ஒரு கம்பி வளையத்தில் கட்டியிருக்கிறேன். பொறிவண்டின் முதுகில் கண்ணைக் குத்தும் வெள்ளைப் புள்ளி விழாமல், மெத்தென்று ஒளி பரவுகிறது. கடையில் விற்கும் டிஃப்யூசரை விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இதிலேயே டிசிஆர்-150 என்று இன்னொன்று இருக்கிறது, 4.8 டயாப்டர். பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் கிடைக்கும், 250-இல் மாட்டினால் ஒன்றேகால் மடங்கை ஒட்டி வரும். பூவும் வண்ணத்துப்பூச்சியும் போதும் என்கிறவர்கள், கை நடுங்குகிறவர்கள், அதை வாங்கலாம், பழகுவதும் சுலபம். அசுவினி, முட்டை, குளவி என்று இறங்க வேண்டுமானால் டிசிஆர்-250. கைபேசியில் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

மூன்று மாசி ஆகியும் கிளிப் தளரவில்லை. பனியில் கண்ணாடி மங்கினால் புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள், இரண்டு நிமிடம் காற்றில் பிடித்தால் தானாகத் தெளியும். கூடவே வரும் பிளாஸ்டிக் டப்பாவிலேயே போட்டுவைக்கிறேன், அரிசி டப்பாவில் வைக்கும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டிருக்கிறேன், ஐப்பசி மழைக்கும் பூஞ்சை வரவில்லை.

போன வாரம் கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இருந்தது. சின்னதாக இருக்கும்போது காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், பிறகு பச்சையாகிவிடும், அந்தப் பச்சையைத்தான் வழக்கமாகக் கிள்ளிப் போடுவோம். இப்போது அது கூட்டுப்புழுவாகிவிட்டது. தெரியாமல் யாரும் ரசத்துக்கென்று அந்தக் கொப்பை ஒடித்துவிடக் கூடாதென்று அத்தை அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து கூடு கொஞ்சம் நிறம் மங்கித் தெரிகிறது, நாளைக்கு ஆறரைக்கே கேமராவோடு போய் நிற்க வேண்டும்.