அடைப்புச் சதவீதமா, நடந்த நிமிடமா?

இதயக் குழாயில் அடைப்பு. மாத்திரையில் நெஞ்சுவலி கட்டுக்குள் இருக்கிறது, உடனே ஆபத்து இல்லை. இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இன்னும் எத்தனை வருஷம்? எங்கள் வீட்டிலும் அது இருந்தது. அப்பாவின் ஃபைலில் ரிப்போர்ட்டுகள் பல. வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தது ஒன்றைத்தான்: "எத்தனை பர்சன்ட் அடைப்பு?"

ஆஞ்சியோகிராம் சொல்லும் அந்த எண்ணை நான் ஒதுக்கவில்லை. இடது பிரதானத் தமனியிலேயே அடைப்பா, மூன்று குழாய்களிலும் இருக்கிறதா என்பது ஆயுளைத் தொடும் விஷயம். ஆனால் ஏதோ ஒரு குழாயில் 70 சதவீதம் என்பதை மட்டும் வைத்து வருஷக் கணக்குப் போட முடியாது. பாதி கூட அடைபடாத இடத்தில் கொழுப்புப் படிவு வெடித்து மாரடைப்பு வருவது உண்டு. 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், உடனடி ஆபத்து இல்லாத நிலையான நோயாளிகள் 5,179 பேர். இடது பிரதானத் தமனி அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும், சுமார் மூன்று வருஷத்தில் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

டிரெட்மில் டெஸ்ட் வேறு கதை. நெஞ்சில் முடி மழித்து, பட்டன்களை ஒட்டி, கையில் பிரஷர் பட்டை கட்டி அப்பாவை ஏற்றினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், மேடும் கூடும். ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' (நடக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறி) என்று இருந்ததைப் பார்த்து அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அந்த ஒற்றை வார்த்தைக்குக் கீழே இருந்ததை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தந்த கணக்கு எளிது. நடந்த நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு (ஒவ்வொரு துடிப்பிலும் பெரிய கூம்புக்குப் பின் வரும் பகுதி) எத்தனை மி.மீ. விலகியதோ, அதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். வலி வந்தால் 4, வலியால் நிறுத்த வேண்டியிருந்தால் 8 கழியுங்கள். அப்பா 10 நிமிடம் நடந்தார், 1 மி.மீ. விலகல், வலி இல்லை: 5. அதே 'பாசிட்டிவ்' வாங்கிய இன்னொருவர் 3 நிமிடத்தில் வலியால் இறங்கி, விலகல் 2 மி.மீ. இருந்தால்: மைனஸ் 15. ஐந்தும் அதற்கு மேலும் குறைந்த ஆபத்து. மைனஸ் 11ம் அதற்குக் கீழும் அதிக ஆபத்து. 1991இல் வெளியான ஆய்வில் முதல் வகையினரில் நான்கு வருஷம் கழித்து 99 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது வகையில் 79. ஒரே வார்த்தைக்குள் இவ்வளவு தூரம்!

எக்கோ என்னும் இதய ஸ்கேன் தரும் இ.எஃப். எண், இதய அறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்பது. அது 35க்குக் கீழே போனால் மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 60 என்று வந்துவிட்டால் அது அதற்கு மேல் பிரித்துச் சொல்வது குறைவு.

அந்த இடத்தில் கைகொடுப்பது என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை இழுபட்டால் கசியும் புரதத் துணுக்கு இது. டென்மார்க்கில் நிலையான நோயாளிகள் 1,034 பேரைச் சுமார் ஒன்பது வருஷம் கவனித்து 2005இல் வெளியிட்டார்கள். வயது, இ.எஃப். முதலானவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், அளவு மிக அதிகமாக இருந்த கால்பங்கினருக்கு இறப்பு அபாயம் மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரைப் போல 2.4 மடங்கு. ஆனால் வயதானாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்த அளவு ஏறும், உடல் பருத்தவர்களுக்கு இறங்கியே காட்டும். தனியாக இதை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

என்னைக் கேட்டால், நடக்க முடிந்தவருக்கு டிரெட்மில்தான் முதலிடம். உடம்பு முழுவதும் சேர்ந்து தரும் பதில் அது. மூட்டுவலிக்காரருக்கும், இ.சி.ஜி. ஏற்கெனவே மாறியிருப்பவருக்கும் ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் சேர்ந்து பேசட்டும். ஆபத்து அதிகம் என்று தெரிந்த பிறகு ஆஞ்சியோகிராம் எங்கே அடைப்பு என்று காட்டட்டும்.

அப்பா முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். கணக்கைப் போட்டு அம்மாவிடம் காட்டியபோது அவள் கேட்டது இதுதான்: "பத்து நிமிஷமா? அந்த மேட்டுலயா நடந்தாரு?"