புளி போடலாமா, புது பாய்லர் போடலாமா? பழைய மாடல் நீராவி இன்ஜின்கள்

மட்டாஞ்சேரி பழம்பொருள் கடையில் ஒரு கையகல நீராவி இன்ஜின் கிடைத்துவிட்டால், கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் முதலில் நடப்பது ஒன்றுதான்: குத்துவிளக்கைப் போல அதையும் புளி போட்டுத் துலக்குவது. பிங், மார்க்லின் போன்ற பழைய ஜெர்மன் இன்ஜின்கள் சிலவற்றில் பித்தளை பாய்லருக்கு நீலப்பூச்சு ஏற்றியிருப்பார்கள். புளி பட்டால் அது போனது போனதுதான். கம்பெனி முத்திரையும் சேர்ந்து உரியும். பிங் 1930-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்ட கம்பெனி, மறுபடி யாரிடம் கேட்பது? இந்த ரகத்தை அப்படியே வைப்பதுதான் சரி. மெல்லிய துணி, ஒரு சொட்டு மெஷின் ஆயில், அவ்வளவு போதும்.

மாமோட் கதை வேறு. 1937-ல் தொடங்கிய இந்த பிரிட்டிஷ் கம்பெனி ஏராளமாகச் செய்து விற்றது; உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. பெயின்ட் உரிந்து, பர்னர் தொலைந்து வந்த மாமோட்டில் தாராளமாகக் கை வைக்கலாம். எதில் வைப்பது என்பதில்தான் விஷயம்.

வாஷர், ஓ-ரிங், சேஃப்டி வால்வு இவற்றை மாற்றினால் பழையதை ஒரு கவரில் போட்டு வைத்து, வேண்டும்போது திருப்பி மாட்டலாம். துளை போட்டாலோ புது மரை வெட்டினாலோ திரும்ப வழியில்லை. பழைய பிரிட்டிஷ் மாடல்களில் 2 பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகு நிறைய வரும்: விட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 5 மி.மீ. எம்5 திருகுக்கு இடைவெளி 0.8. பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வலிந்து ஏற்றுகிறார்கள். பித்தளை மரை அத்தோடு செத்தது. கோயம்புத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? அளவு கொடுத்துக் கடைந்து வாங்குங்கள்.

பெரிய சண்டை பாய்லரில்தான். பழைய பாய்லர்கள் பலவற்றில் மூடியைப் பற்றவைத்திருப்பது ஈயப்பற்று. சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். பிரஷர் கேஜ் 1 பார் காட்டும்போது நீராவியின் சூடு 120 டிகிரிதான், ஆகவே உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை. தண்ணீர் வற்றினால் சில நிமிடத்தில் மூட்டு திறந்துகொள்ளும். அதற்காகவே, தண்ணீர் தீரும் முன் எரிபொருளான ஸ்பிரிட் தீரும்படி பர்னரின் அளவை வைத்திருப்பார்கள். ஸ்பிரிட் கேனோடு வாளையார் செக்போஸ்டைத் தாண்டுகிற வம்பு வேண்டாமென்று கேஸ் பர்னர் மாட்டுபவர்கள், முதலில் கழற்றி எறிவது இந்தக் காப்பைத்தான்.

கேஸ்தான் வேண்டுமென்றால் வெள்ளிப்பற்று வைத்த புது செம்பு பாய்லர் செய்து, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயும் மாட்டுங்கள். பழைய பாய்லர் பெட்டியில் இருக்கட்டும். பழையதன்மேலேயே வெள்ளிப்பற்று வைக்க நினைக்காதீர்கள். அந்த 600 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் மிச்சமிருக்கும் ஈயம் பித்தளையை அரித்து ஓட்டையாக்கும்.

எதுவானாலும் நெருப்பு வைக்கும் முன் சோதனை உண்டு. சேஃப்டி வால்வைக் கழற்றி அடைப்பான் போடுங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கை பம்பில் ஓடும் அழுத்தத்தைப்போல் பழைய பாய்லருக்கு ஒன்றரை மடங்கு, புதிதுக்கு இரண்டு மடங்கு ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கக்கூடாது, மூட்டில் வேர்க்கக்கூடாது. காற்றடித்துச் சோதிக்கவே கூடாது, பிளந்தால் வெடிக்கும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து போர் தண்ணீர் உப்புப் படியவிடும். சிறுவாணியே ஆனாலும் பாய்லருக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான்.

பிங்கை ஓடவும் பார்க்க வேண்டுமென்றால் நெருப்பே வேண்டாம். இன்ஜினுக்கு வரும் நீராவிக் குழாயை பாய்லரிலிருந்து பிரித்து, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் இணைத்து, அரை பார் காற்று கொடுங்கள். உலர்ந்த காற்று சிலிண்டரைத் தேய்க்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் எண்ணெய் இரண்டு சொட்டு.